மலை பார்க்க நேரம் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

நாங்கள் கோவைக்காரர்கள். கணவரின் வேலைக்காக வந்து, நான்கு வருடமாக சுவிட்சர்லாந்தில் விண்டர்தூரில் இருக்கிறோம். பெண்ணுக்கு ஒன்பது வயது, பையனுக்கு ஆறு. வந்த புதிதில் மலை என்றால் ரயிலிலோ கேபிள் காரிலோ உச்சிக்குப் போய், பனியில் நின்று படம் எடுத்து, ஊருக்கு அனுப்பிவிட்டு இறங்குவதுதான். யுங்ஃபிராவ்யோக் போனோம், டிட்லிஸ் போனோம். சரி, சுவிஸ் பார்த்தாயிற்று என்று இருந்தோம்.

பையனைக் கிண்டர்கார்டனில் சேர்த்த பிறகுதான் எல்லாம் மாறியது. வாரம் ஒருநாள் மழையோ குளிரோ காட்டுக்குக் கூட்டிப்போய்விடுவார்கள். சேறும் சகதியுமாக வீட்டுக்கு வருவான். அவனுக்காக நாங்களும் நடக்க ஆரம்பித்தோம். இப்போது மே முதல் அக்டோபர் வரை ஒரு ஞாயிறுகூட வீட்டில் இருப்பதில்லை. எலுமிச்சை சாதம், உருளைக்கிழங்கு வறுவல், தெர்மாஸில் ரசம். வழியில் அடுப்பு மேடை இருந்தால் சோளக்கருது சுட்டுக்கொள்வோம். அம்மா போனில், "வேலைவெட்டி இல்லாதவங்க மாதிரி எதுக்குடி மலைமலையா ஏறுறீங்க? வேண்டுதலா?" என்கிறார். அப்பா வருடம் தவறாமல் வெள்ளியங்கிரி ஏறியவர். கேட்டால், அது வேறாம், அது சாமிக்காம்.

நான் எழுத வந்தது வேறு. கோயிலில் பழக்கமான ஈழத்து அக்கா ஒருவர் இருக்கிறார். எண்பதுகளின் கடைசியில் இங்கே வந்தவர். பேச்சுவாக்கில், "உங்களுக்கு எந்த மலைக்கா ரொம்பப் பிடிக்கும்?" என்று கேட்டுவிட்டேன். சிரித்துக்கொண்டே, "நாங்கள் வந்த நேரம் மலை பாக்க எங்கை பிள்ளை நேரம்?" என்றார். முப்பத்தைந்து வருடமாக இருக்கிறவர் ஒரு மலையும் ஏறியதில்லை. நேற்று வந்த நாங்கள் வாரம் ஒன்று ஏறுகிறோம். அன்றிலிருந்து ஓர் உறுத்தல். இது வெறும் வசதிக்காரர் பொழுதுபோக்கா? என்றைக்கு வேண்டுமானாலும் பெட்டி கட்டப்போகிறவர்கள் நாங்கள். பிள்ளைகள் "எங்க மலை" என்று சொல்லும்போது சந்தோஷமாகவும் இருக்கிறது, பயமாகவும் இருக்கிறது.

ச.

*

அன்புள்ள ச.,

தெர்மாஸில் ரசம் எடுத்துப்போகிற யோசனை அந்தக் காலத்தில் எனக்கு வரவில்லையே என்று வயிறு எரிகிறது. சூரிச்சில் இரண்டரை வருடம் இருந்தேன். மலையில் நான் தின்றதெல்லாம் காய்ந்த ரொட்டியும் பாலாடைக்கட்டியும்தான்.

உங்கள் அம்மா கேட்டது நல்ல கேள்வி. நம்மிடம் மலை ஏறும் பழக்கம் இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வெள்ளியங்கிரியின் பூண்டி அடிவாரத்தில் மூங்கில் தடி வாங்கி, வழியில் சுக்கு காப்பி குடித்து, ராத்திரியெல்லாம் ஏழு மலை ஏறுகிறவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். சதுரகிரிக்கு அமாவாசையும் பௌர்ணமியும் கூட்டம் போகிறது. வருடம் முழுக்க நாற்காலியை விட்டு எழாதவர்கூட அன்றைக்கு ஏறிவிடுவார். நமக்கு ஏறுவதற்கு ஒரு காரணம் வேண்டும், அவ்வளவுதான். சும்மா ஏறினேன் என்று சொல்லக் கூச்சம்.

ஆனால் நீங்கள் எழுதாமல் விட்ட ஒன்று உண்டு. அப்பா வருடாவருடம் ஏறிய அந்த மலையில் நீங்கள் ஏறியிருக்க முடியாது. சிறுமிகளும் வயதான பெண்களும் ஏறலாம், இடைப்பட்ட வயதுப் பெண்கள் கூடாது என்பதுதான் வெள்ளியங்கிரியின் வழக்கமாக இருந்துவந்திருக்கிறது. அப்பாவின் தடி வீட்டு மூலையில் சாத்தியிருந்ததைப் பார்த்து வளர்ந்த பெண், முதல்முறையாகத் தன் காலால் ஒரு மலை ஏறியது சுவிட்சர்லாந்தில். அதில் சந்தோஷப்பட உங்களுக்கு முழு உரிமை இருக்கிறது. உறுத்தலை அப்புறம் பார்ப்போம்.

அதற்காக சுவிஸ்காரர்களை உயரத்தில் தூக்கி வைத்துவிடவும் வேண்டாம். அங்கே மலையேற்றக்காரர்களின் பெரிய அமைப்பு சுவிஸ் ஆல்பைன் கிளப். 1863-இல் தொடங்கியது. 1907-இல் பெண்கள் உறுப்பினராக முடியாது என்று கதவைச் சாத்தியது. பெண்கள் 1918-இல் தங்களுக்கென்று தனி கிளப் ஆரம்பித்துக்கொண்டார்கள். இரண்டும் ஒன்றாகச் சேர்ந்தது 1980-இல்.

வேடிக்கை என்னவென்றால், நீங்கள் வாரம்தோறும் அனுபவிக்கும் உரிமை சட்டமாக எழுதப்பட்டதும் அதே 1907-இல்தான். சுவிஸ் உரிமையியல் சட்டத்தின் 699-ஆவது பிரிவைத் தேடிப் படியுங்கள். காடும் மேய்ச்சல் நிலமும் யாருடையதாக இருந்தாலும், அந்த ஊர் வழக்கப்படி எல்லோரும் உள்ளே போகலாம், காட்டுப்பழமும் காளானும் பறிக்கலாம் என்கிறது. ஒரு விவசாயியின் புல்வெளி நடுவே நீங்கள் பிள்ளைகளோடு நடந்துபோக, அவர் ஏன் என்று கேட்காமல் கையசைக்கிறாரே, அவருடைய நல்ல குணம் பாதி, இந்தச் சட்டம் பாதி.

அப்புறம், நடைபாதைகளில் வழியும் நேரமும் காட்டும் அந்த மஞ்சள் பலகைகள். 1930-களில் மோட்டார் வண்டிகள் பெருகி, மலைப்பாதைகளில் நடப்பவர்கள் தூசியும் ஹாரனும் தாங்காமல் ஓரம் ஒதுங்க வேண்டியிருந்தது. மைலன் என்ற ஊரின் பள்ளி ஆசிரியர் யோஹான் யாகோப் எஸ் இதில் நொந்துபோய், நடப்பவர்களுக்கென்று தனிப் பாதை வேண்டும் என்று கிளம்பினார். 1934-இல் அதற்கு ஒரு சங்கம் உருவானது. 1979-இல் நாடு முழுக்க வாக்கெடுப்பு நடத்தி, முக்கால் பங்குக்கும் மேற்பட்டோர் ஆமென்று சொல்லி, நடைபாதையை அரசியலமைப்பிலேயே சேர்த்தார்கள். இன்றைக்கு ஏறத்தாழ 65,000 கிலோமீட்டர். பூமியை ஒன்றரைச் சுற்றுக்கும் மேல் சுற்றிவரலாம். அவ்வளவு தூரத்துக்கும் யாரோ ஒருவர் பெயின்ட் டப்பாவோடு போய் மரத்திலும் பாறையிலும் அடையாளம் போட்டிருக்கிறார். எனக்கு அந்நாட்டில் பனிச்சிகரத்தைவிடப் பிடித்தது அந்த பெயின்ட் டப்பாதான்.

பலகை எழுதியவரை நான் ஒருநாள் மனதாரத் திட்டியதும் உண்டு. அப்பென்செல் பக்கம் ஏபெனல்ப் மலைக்கு கேபிள் காரில் போய், குகை வழியாக இறங்கி, பாறைக்கு அடியில் ஒட்டிக்கொண்டிருக்கும் எஷர் விடுதியைப் பார்த்துவிட்டு, சீஆல்ப் ஏரிக்கு இறங்கலாம் என்று திட்டம். என் பையனுக்கு அப்போது ஏழு வயது. என் காலில் கான்வாஸ் ஷூ. பலகையில் போட்டிருந்த நேரத்தைப் பார்த்து, சாயங்காலம் வீட்டில் இருந்துவிடலாம் என்று நினைத்தேன். அந்த நேரம் சமதரையில் மணிக்கு 4.2 கிலோமீட்டர் நடக்கிற ஆளுக்குப் போட்ட கணக்கு. இறக்கத்துக்கும் ஏற்றத்துக்கும் சேர்த்திருப்பார்கள், ஆனால் உட்காருவது, சாப்பிடுவது, பையன் கல் பொறுக்குவது எதற்கும் அதில் இடமில்லை. முந்தின நாள் மழை பெய்திருந்தது. பாறை வழுக்கியது. ஒரு பக்கம் அதலபாதாளம். வழியெங்கும் இருந்தது வெள்ளை, சிவப்பு, வெள்ளைப் பட்டை. அதன் அர்த்தம் எனக்கு அன்றைக்குத் தெரியாது. (மஞ்சள் மட்டும் இருந்தால் சாதாரண நடை. சிவப்பு இருந்தால் தலைசுற்றல் இல்லாதவர்கள், நல்ல பூட்ஸ் போட்டவர்கள். நீலம் இருந்தால் கயிறும் பனிக்கோடரியும் தேவைப்படலாம், குடும்பத்தோடு திரும்பி நடக்க வேண்டியதுதான். உங்களுக்குத் தெரிந்திருக்கும், படிக்கிற மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். நான் போன அந்தப் பாதையில் விழுந்து இறந்தவர்கள் உண்டு.)

பையன் ஒரு திருப்பத்தில் உட்கார்ந்து அழ ஆரம்பித்துவிட்டான். பின்னால் ஒரு கிழவி வந்தார். எழுபதைத் தாண்டியிருக்கும். இரண்டு கையிலும் ஊன்றுகோல். "க்ரூயெட்ஸி" என்று வணக்கம் சொல்லி, ஒன்றும் கேட்காமல் ஒரு கோலை என் கையில் கொடுத்துவிட்டு, இன்னொரு கையால் பையனைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தார். ஏரிக்கரை வந்ததும் கோலை வாங்கிக்கொண்டு போய்விட்டார். என் ஜெர்மன் நன்றி சொல்வதோடு நின்றுவிடும், அதனால் பெயர்கூடக் கேட்கவில்லை.

அந்த மாநிலத்தில், அதாவது அப்பென்செல் இன்னர்ரோடனில், சதுக்கத்தில் கூடிக் கை தூக்கி ஓட்டுப்போடும் சபை இன்றும் நடக்கிறது. அதில் பெண்கள் கை தூக்க முடிந்தது 1991-இல். அதற்கும் முந்தைய நவம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது. அந்தக் கிழவி அவ்வூர்க்காரர் என்றால், ஐம்பது வயதுக்குமேல்தான் அந்தச் சதுக்கத்தில் இறங்கியிருப்பார்.

உங்கள் அக்காவுக்கு வருகிறேன். சுவிஸில் இன்றைக்கு ஈழத்தமிழர் ஏறத்தாழ ஐம்பதாயிரம் பேர். எண்பதுகளில் அகதியாக வந்தவர்களில் ஏராளமானோருக்குக் கிடைத்தது உணவக, விடுதிச் சமையலறை வேலையும் துப்புரவு வேலையும்தான். உணவகத்துக்குக் கூட்டம் எப்போது வரும்? ஞாயிற்றுக்கிழமை. மலையிலிருந்து இறங்கி வருகிறவர்கள் பூட்ஸைத் தட்டிவிட்டு உட்கார்ந்து சாப்பிட்ட தட்டைக் கழுவிய கைகளில் நம்மவர் கைகளும் உண்டு. நீங்கள் மலைக்குப் போகும் அந்த நாள்தான் அவர்களுக்கு மூச்சுவிட முடியாத நாள். மிச்சம் கிடைத்த நேரத்தில் பிள்ளைகளுக்குத் தமிழ்ப் பள்ளி நடத்தினார்கள், கோயில் கட்டினார்கள். 699-ஆவது பிரிவு அக்காவுக்கும் பொருந்தும்தான். ஆனால் பாதை திறந்திருந்தால் போதுமா, ஞாயிறும் கையில் இருக்க வேண்டுமே. நீங்கள் விசாவோடும் விடுமுறையோடும் போனீர்கள், அவர் இரண்டும் இல்லாமல் போனார். இது உங்கள் குற்றமில்லை. வசதியா என்று கேட்டால், ஆமாம், வசதிதான். இல்லையென்று சமாதானம் சொல்லி உங்களை அனுப்பிவைக்க எனக்கு மனமில்லை.

வேற்றூரிலிருந்து வந்த குடும்பங்கள் மலையில் குதூகலிக்கிற கதை நமக்குப் புதிதும் அல்ல. கொடைக்கானல் அப்படி வந்த ஊர்தானே. மதுரைப் பக்கத்து அமெரிக்க மிஷனரிகள் காய்ச்சலுக்கும் காலராவுக்கும் பயந்து, 1845-இல் மேலே இரண்டு வீடுகள் கட்டினார்கள். பெரியகுளம் பக்கம் கிருஷ்ணம நாயக்கன் தோப்பிலிருந்து செங்குத்தான பாதை. குதிரையில் போனவர் போக, பெண்களையும் குழந்தைகளையும் நாற்காலியில் வைத்து நம் ஆட்கள் தோளில் தூக்கிப் போனார்கள். அந்தக் குழந்தைகள் ஏரியில் படகு விட்டார்கள், காட்டில் கூடாரம் அடித்தார்கள், அமெரிக்காவுக்குத் திரும்பிய பிறகும் சாகும்வரை கொடையைத் தங்கள் ஊர் என்றே சொல்லிக்கொண்டார்கள். தூக்கியவர்களின் பிள்ளைகள் மலையைப் பற்றி என்ன சொன்னார்கள் என்று யாரும் எழுதி வைக்கவில்லை. உங்கள் பிள்ளைகள் "எங்க மலை" என்று சொல்வதைக் கேட்டபோது எனக்கு இந்த இரண்டு வகைக் குழந்தைகளும் சேர்ந்து நினைவுக்கு வந்தார்கள். சொல்லட்டும். பிள்ளைகள் நடந்த மலை பிள்ளைகளுடையதுதான். பாஸ்போர்ட் பார்த்தா சொல்லப்போகிறார்கள்?

திரும்பி வந்தால் கோவையில் என்ன செய்வது என்ற பயமும் வரிகளுக்கு நடுவே தெரிந்தது. இங்கே நினைத்த மாத்திரத்தில் காட்டுக்குள் போக முடியாது, போகவும் கூடாது. ஆல்ப்ஸில் எதிரே வருவது மாடு, ஆனைகட்டியில் எதிரே வருவது யானை. குரங்கணியில் 2018-இல் காட்டுத்தீயில் மலையேறப் போனவர்கள் மாண்டதை மறக்க முடியாது. வனத்துறை 2024-இல் நாற்பது பாதைகளை முறைப்படி திறந்திருக்கிறது, முன்பதிவு செய்து வழிகாட்டியோடு போகலாம். சுவிஸோடு ஒப்பிட்டுக் குறைசொல்லாமல் இருந்தால் பிள்ளைகளுக்கு இதுவும் பிடிக்கும்.

மாடு என்றதும் ஒன்று. கன்றோடு நிற்கும் பசுவின் அருகே போகவே போகாதீர்கள். கோவைக்காரர்கள் கன்றைத் தடவிக் கண்ணில் ஒற்றிக்கொள்வோம், அந்தப் பசுவுக்கு அது தெரியாது, முட்டித் தள்ளிவிடும்.

கடைசியாக, அக்கா மலை ஏறியதில்லை என்றுதான் சொன்னார். ஐன்சீடெல்ன் போயிருக்கிறாரா என்று கேட்டீர்களா? அங்கே மடாலயத்தில் கறுப்பு மாதா இருக்கிறாள். கிறித்தவர் மட்டுமல்ல, சைவக்காரர்களும் அவளைக் கும்பிடப் போகிறார்கள், மெழுகுவர்த்தி ஏற்றுகிறார்கள். ஊரே கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. போயிருந்தால் அவருக்கு உங்களைவிட முப்பது வருடம் முன்னாலேயே தெரிந்த மலை அது. நீங்கள் அவரைக் கூட்டிப்போக வேண்டாம், உங்களைக் கூட்டிப்போகச் சொல்லுங்கள். ரயிலில் போய் இறங்கி, மாதாவைப் பார்த்துவிட்டு, சீல் ஏரிப் பக்கம் நடக்கலாம். பெரிய ஏற்றம் கிடையாது, அக்காவின் முழங்காலும் உங்கள் பையனும் தாங்குவார்கள். அம்மா போனில் கேட்டால், வேண்டுதல்தான் என்று சொல்லிக்கொள்ளலாம்.