விடு, வீடு

அன்புள்ள ஐயா,

திருவள்ளூர் மாவட்டத்தில், செங்கல் சூளைகளை ஒட்டிய தொடக்கப் பள்ளி ஒன்றில் ஆசிரியை நான். ஒடிசாவின் பலாங்கீரிலிருந்து வந்த சூளைத் தொழிலாளர்களின் பிள்ளைகள் பதினொரு பேர் என் வகுப்பில் இருக்கிறார்கள். கும்மி, ஒயிலாட்டம் வழியாக அவர்களுக்குத் தமிழ் எழுத்துச் சொல்லித்தர ஆசை. எந்தப் பாடல்களை எடுத்துக்கொள்ளலாம்? ஆண்டு விழாவில் அவர்களை ஒடியா உடையில் மேடையேற்றவும் எண்ணம். 'ஆடினால் எழுத்து வருமா?' என்று சக ஆசிரியர்கள் சிரிக்கிறார்கள்.

ஆர்.

அன்புள்ள ஆர்.,

சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன்.

1991-இல் புதுக்கோட்டையில், பெரியவர்களுக்கு எழுத்தறிவு தந்த அறிவொளி இயக்கத்தின் தொண்டனாக ஊர் ஊராக அலைந்தேன். கலைக்குழு வீதி நாடகம் போடும், ஊரே கூடும், எங்களுக்குத் தலைகால் புரியாது. ஒரு நாள் நாற்று நடும் அம்மா ஒருவர் கேட்டார்: "எல்லாவற்றையும் நீங்களே ஆடிவிட்டுப் போனால் நாங்கள் எப்போது ஆடுவது தம்பி?" அன்றிரவு எனக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாள் அவரைப் பாடச் சொல்லி, அவருடைய நடவுப் பாட்டைக் கரும்பலகையில் எழுதினேன். 'குலவை' என்ற சொல்லை அவரே விரல் வைத்துக் காட்டியபோது அங்கிருந்த பெண்கள் அத்தனை பேரும் குலவையிட்டார்கள்.

நீங்கள் கும்மியோடு போகிறீர்கள். அந்தப் பிள்ளைகள் எதோடு வந்தார்கள் என்று கேட்டீர்களா? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே, அம்மா! பலாங்கீர், மேற்கு ஒடிசாவின் சம்பல்புரி மொழி பேசும் மண். டால்காய் ஆட்டம் அங்கே உண்டு. 'ஹுமோ பௌலி' என்று சிறுமிகள் பாடி விளையாடும் பாட்டு உண்டு. உங்கள் கண்ணில் பட்டதோ உடை மட்டும். பிள்ளைகளுக்கு வண்ணத்துணி சுற்றி மேடையில் நிறுத்துவதைப் பன்முகப் பண்பாட்டுக் கல்வி என்கிறார்கள். நான் அதைத் துணிக்கடை பொம்மை என்பேன்.

எழுத்துக்கு வருகிறேன். ஒடியா நெடுங்கணக்கில் இகரமும் ஈகாரமும் தனித்தனியே உண்டு. பேச்சில் இரண்டும் ஒன்றுதான். சம்பல்புரியிலும் அப்படியே. 'விடு', 'வீடு' இரண்டும் அந்தக் குழந்தைக்கு ஒரே சொல்லாகத்தான் கேட்கும். நீங்கள் சிவப்பு மையைக் கொட்டித் தீர்த்தாலும் பிழை போகாது, ஏனென்றால் பிழை கையில் இல்லை, காதில் இருக்கிறது. எழுத்தை ஒலிக்கும் நேரமான மாத்திரையைத் தொல்காப்பியர் எதைக் கொண்டு அளந்தார்? கண்ணிமைப்பையும் கைநொடியையும் கொண்டு. உடம்புதான் அளவுகோல். கும்மி வட்டத்தில் 'வி'க்கு ஓர் அடி வைக்கட்டும், 'வீ'க்கு இரண்டு அடி. படி, பாடி, கல், கால், எடு, ஏடு. ஒரு வாரம் வேறெதுவும் வேண்டாம். புத்தகத்தைத் திறக்கவே திறக்காதீர்கள்.

அதே வட்டத்தில் ஹுமோ பௌலி வரும்போது உங்கள் தமிழ்ப் பிள்ளைகள் தடுமாறட்டும், பலாங்கீர்ச் சிறுமி திருத்தட்டும். அவள் பாட்டைத் தமிழ் எழுத்தில் பலகையில் எழுதிப் பாருங்கள். kh, bh என்று மூச்சை அழுத்திச் சொல்லும் அவளுடைய மூச்சொலிகளுக்கு எழுத்துக் கிடைக்காமல் டீச்சர் திண்டாடுவதை அவள் பார்க்க வேண்டும்.

ஆண்டு விழா வேண்டாம். மழை தொடங்கினால் சூளை வேலை நின்றுவிடும், பிள்ளைகள் ஊர் திரும்பிவிடுவார்கள். பாடல் பட்டியல் கேட்டிருந்தீர்கள் அல்லவா? அந்தப் பதினொரு பேரிடமும் கேட்டு நீங்கள் எனக்கு அனுப்புங்கள்.