ரப்பர் படகும் கச்சானும்

கேள்வி: அண்ணா, வெளிநாட்டிலிருந்து வந்த மச்சான் மூன்று மீற்றர் நீளமான காற்றடைத்த ரப்பர் படகு ஒன்றை எனக்கு விட்டுவிட்டுப் போயிருக்கிறார். 5 குதிரைவலு எஞ்சினும் உண்டு. நிலாவெளியிலிருந்து வெளிப் பார்களுக்கு (கடலடிப் பாறைத்திட்டுகளுக்கு) நானும் நண்பனும் இதில் போய்ச் சுழியோடலாமா? படகுக்கூலி மிச்சமாகுமே.
– வாசகர் ஒருவர், திருகோணமலை

பதில்: போகலாம் தம்பி. ஆனால் இரண்டு பேர் போதாது, மூன்று பேர் வேண்டும். மூன்றாமவர் தண்ணீரில் இறங்கவே கூடாது.

பட்டுத்தான் சொல்கிறேன். கடலட்டைக்கு இறங்கித் திரிந்த காலத்தில், ஓர் ஆடி மாதக் காலை, நானும் கூட்டாளியும் இதே மாதிரிப் படகை நங்கூரத்தில் விட்டுவிட்டு இருவருமாக இறங்கினோம். அரை மணி நேரத்தில் மேலே வந்தால் படகைக் காணோம். கிழக்கே ஒரு சாம்பல் புள்ளி. நங்கூரக் கயிறு பாரில் உரசி அறுந்திருந்தது. பத்து நிமிடம் நீந்தி அடித்துப் பார்த்தேன், புள்ளி சிறுத்ததே தவிர நெருங்கவில்லை. வலை இழுத்துவிட்டு வந்த மீனவர் ஒருவர் எங்களை ஏற்றி, படகையும் துரத்திப் பிடித்துக் கொடுத்தார். அவர் எங்களைக் கேட்ட கேள்வியை இங்கே அச்சிட முடியாது.

எல்லாம் கச்சான் என்கிற தென்மேற்குக் காற்றுச் செய்த வேலை. நம் பக்கத்தில் அது தரையிலிருந்து கடலை நோக்கி வீசும். அதனால் கரையில் நின்று பார்த்தால் கடல் எண்ணெய் ஊற்றியதுபோலக் கிடக்கும். வெளியே போகப் போகத்தான் அலை எழும்பும். ரப்பர் படகோ தக்கை மாதிரி மேலேயே மிதப்பது. போகும்போது காற்றே தள்ளிக்கொண்டு போகும், எஞ்சின் பிரமாதம் என்று நினைப்பீர்கள். 5 குதிரைவலு எவ்வளவு என்பது திரும்பும்போதுதான் தெரியும். விடியப் போய், வெயில் ஏறுமுன் கரைக்கு வந்துவிடுங்கள். போவதற்கு பெற்றோலில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் செலவாகக் கூடாது.

நங்கூரத்துக்கும் கயிற்றுக்கும் இடையில் இரண்டு மீற்றர் சங்கிலி போடுங்கள். அன்று எங்களிடம் இல்லாதது அதுதான். பவளத்தில் எறியாதீர்கள், பக்கத்து மணலில் போடுங்கள். புறாமலைத் தீவுப் பக்கம் என்றால் அது 2003 முதல் தேசியப் பூங்கா. சொந்தப் படகோடு போகுமுன் வனசீவராசிகள் அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

அப்புறம் பாரம். காற்று நிரப்பிய அலுமினியச் சிலிண்டர் ஒன்றே 16, 17 கிலோ வரும். ஈயப்பட்டி (தண்ணீரில் அமிழ இடுப்பில் கட்டும் பாரம்), மூன்று ஆட்கள், எஞ்சின் எல்லாவற்றையும் கூட்டி, படகில் ஒட்டியிருக்கும் தகட்டிலுள்ள எடையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். சிலிண்டர்களை நடுவில் படுக்கவைத்துக் கட்டுங்கள். கத்தியும் நங்கூரமும் சாக்குக்குள் இருக்கட்டும்.

ஏறும்போது ஈயப்பட்டியை முதலில் மேலே கொடுங்கள், பிறகு சிலிண்டர். துடுப்புச் செருப்பை மட்டும் கழற்றாதீர்கள். அதை உதைத்துத்தான் வயிற்றால் வழுக்கி ஏற முடியும். பார்க்க அழகாக இராது.

இன்னொன்று, காலையில் இறுக்கமாக ஊதிய படகு குளிர்ந்த தண்ணீரில் இறங்கியதும் தளரும். மிதக்கவிட்டபின் ஒருமுறை அழுத்திப் பார்த்துக் காற்றடியுங்கள். திரும்பி வந்து வெயில் மணலில் போடும்போது கொஞ்சம் திறந்துவிடுங்கள், இல்லாவிட்டால் தையல் விடும்.

மூன்றாமவர் கிடைக்காவிட்டால்? படகுக்கூலியைக் கொடுத்துவிடுங்கள். மச்சானின் படகில் கரையோரமாகக் கணவாய் பிடிக்கலாம்.