வீடு என்ன சம்பாதிக்குது?

வணக்கம் சார்,

மடிப்பாக்கத்துல இருக்கேன், பேங்க்ல இருந்து ரிட்டயர் ஆனவன். பையனும் மருமகளும் ஓஎம்ஆர்ல ஐடி வேலை, வீட்டுக்கு வர ராத்திரி ஒன்பது ஆகுது. பேரன் கையில எப்பவும் செல்போன். பாதி நாள் ஆன்லைன்லதான் சாப்பாடு. எங்க காலத்துல வீடு வீடா இருந்துச்சு, பொம்பளைங்க வேலைக்குப் போக ஆரம்பிச்சதும் அது போயிடுச்சுன்னு தோணுது. வீடு கெட்டா சமூகமும் கெடும்தானே? இதைப் பத்தி ஏன் எழுத மாட்டேங்கிறீங்க?

ஒரு வாசகர்

அன்புள்ள சார்,

வீடு கெட்டா சமூகம் கெடும், அதுல சந்தேகமே இல்ல. ஆனா வீடு சமூகத்துக்கு என்ன குடுக்குதுன்னு கேட்டா உடனே பண்பாடு, பாசம்னு ஆரம்பிச்சிடுறோம், எனக்கு அது கொஞ்சம் பட்டிமன்றம் மாதிரி இருக்கு. வீடு குடுக்கிறது முதல்ல உழைப்பு சார். புள்ளைய வளர்க்கிறது, காய்ச்சல்காரருக்கு கஞ்சி வெக்கிறது, படுத்த படுக்கையா இருக்கிற பெரியவரைப் புரட்டிப் படுக்க வெக்கிறது, காலைல ஒருத்தரை டிபன் பாக்ஸோட ஆபீஸுக்குக் கிளப்பி விடுறது எல்லாம் சேர்ந்ததுதான். இதையே மெஸ்லயும் ஹோம் நர்ஸ்கிட்டயும் காசு குடுத்து வாங்கினா ஜிடிபில, அதாவது நாட்டோட மொத்த உற்பத்திக் கணக்குல சேரும், வீட்டுல அம்மா செஞ்சா சேராது.

2019 கோடை ஞாபகம் இருக்கும். பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம்னு சென்னைக்குத் தண்ணி குடுக்கிற நாலு ஏரியும் வறண்டு, தண்ணி இல்லாம ஓஎம்ஆர் கம்பெனிங்க சிலது ஸ்டாஃபை வீட்டுல இருந்தே வேலை பாக்கச் சொல்லிடுச்சு. வீட்டுக்கு மட்டும் எங்க இருந்து தண்ணி வந்துச்சாம்? லாரி எப்ப வரும்னு தெரியாம ராத்திரி பகல்னு கலர் கலரா குடத்தை வரிசை போட்டு காத்திருந்தது பெரும்பாலும் பொம்பளைங்கதான். ஊரே அந்த முதுகு மேலதான் ஓடுச்சு, எந்தக் கணக்குலயும் வரல.

அதே 2019ல மத்திய அரசு யார் எதுக்கு எவ்ளோ நேரம் செலவு பண்றாங்கன்னு நாடு முழுக்க சர்வே எடுத்துச்சு. சமையல், துணி, பாத்திரம்னு சம்பளமில்லாத வீட்டு வேலை செய்ற பெண்கள் அதுக்கு ஒரு நாளைக்கு 299 நிமிஷம் குடுக்கிறாங்க, ஆண்கள் 97 நிமிஷம். அந்த 97ம் கூட செய்ற ஆண்களோட சராசரி, செய்றதே நூத்துக்கு 26 பேர்தான். 2024ல திரும்ப எடுத்தப்ப 289, 88. பெண்களுக்கு பத்து நிமிஷம் குறைஞ்சிருக்கு சரி, ஆண்களுக்கும் ஒன்பது நிமிஷம் குறைஞ்சிருக்கு!

அதனால பொம்பளைங்க வெளிய போனதுல வீடு போச்சுங்கிறதை என்னால ஒத்துக்க முடியல. அவங்க வெளிய போனாங்க, நாம உள்ள வரல, அவ்ளோதான். நீங்க சொல்ற அந்தக் கால வீடு, திருவல்லிக்கேணி ஒண்டிக்குடித்தனமோ என்னவோ, யாரோ ஒருத்தி விடியறதுக்கு முன்னாடி எழுந்து அடிபம்பு அடிச்சதுலதான் நின்னுச்சு. அவங்ககிட்ட கேட்டிருந்தா அது நல்ல காலம்னு சொல்லியிருப்பாங்களான்னு எனக்கு டவுட்டு. உங்க கடிதத்துல பையன், மருமகள், பேரன் எல்லாரும் வர்றாங்க, ரிட்டயர் ஆன நீங்க சாயங்காலம் என்ன பண்றீங்கன்னு மட்டும் இல்லை, கோவிச்சுக்காதீங்க.

கோர்ட்டு நம்மளை விட முன்னாடி போயிடுச்சு. 2023 ஜூன்ல மெட்ராஸ் ஹைகோர்ட்ல ஒரு கேஸ், புருஷன் சவுதில சம்பாதிச்சு அனுப்பின காசுல வாங்கின சொத்து. மனைவி வீட்டையும் புள்ளைங்களையும் பாத்துக்கிட்டதாலதான் அவரால அங்க சம்பாதிக்க முடிஞ்சுது, அதனால அவங்களுக்கும் சம பங்கு உண்டுன்னு தீர்ப்பு. அதே வருஷம் செப்டம்பர்ல தமிழ்நாடு அரசோட மகளிர் உரிமைத் தொகை மாசம் ஆயிரம் ரூபா ஆரம்பிச்சுது. ஆயிரம் ரூபா ரொம்பக் கம்மிதான், ஆனாலும் வீட்டு வேலையும் உழைப்புதான்னு அரசாங்கமே சொல்லி பணம் போட்டதை நான் சின்ன விஷயமா பாக்கல.

இன்னும் பெரிய சிக்கல் ஆபீஸ் பக்கம் இருக்கு. 2017ல மகப்பேறு சட்டத்தைத் திருத்தி லீவை 26 வாரமாக்கினாங்க, 50 பேரோ அதுக்கு மேலயோ வேலை பாக்கிற இடத்துல குழந்தைங்க காப்பகம் இருக்கணும், அம்மா ஒரு நாளைக்கு நாலு தடவை போய்ப் பாக்கலாம்னும் சேர்த்தாங்க. அப்பா போய்ப் பாக்கிறதுக்கு அதுல ஒரு வரி கூட கிடையாது. மத்திய அரசு ஊழியர்னா அப்பாவுக்கு 15 நாள் லீவு உண்டு, தனியார்ல கம்பெனி மனசு வெச்சாதான். உங்க பையன் மாதிரி ஆளுங்க எச்ஆர்கிட்ட கேக்க ஆரம்பிக்க வேண்டியது இதைத்தான்.

அன்புடன்