டெராஃபார்மில் (கிளவுட் வசதிகளைக் கோடாக எழுதி உருவாக்கும் கருவி) எழுதிய கிளவுட் அமைப்புக்குத் தானியங்கி எண்ட்-டு-எண்ட் டெஸ்ட் வைக்க வேண்டும். எங்கிருந்து தொடங்குவது?

அழிப்பதிலிருந்து தொடங்குங்கள். நிஜ கிளவுடில் ரிசோர்ஸை உருவாக்குவது சுலபம். மிச்சம் மீதி இல்லாமல் துடைத்துவிட்டு வருவதில்தான் ஆட்டமே இருக்கிறது. மறந்துபோன ஒரு நேட் கேட்வே (உள் நெட்வொர்க்கிலிருந்து இணையத்துக்குப் போகும் வழி), யாரும் தொடாவிட்டாலும் மணிக்கணக்கில் பில்லை ஏற்றிக்கொண்டே இருக்கும்.

நான் பயன்படுத்துவது டெராடெஸ்ட், கோ மொழி லைப்ரரி. டெஸ்டின் தலையிலேயே 'டிஃபர்' (கடைசியில் ஓடு என்று சொல்லிவைக்கும் கட்டளை) போட்டு டிஸ்ட்ராயை (அழிக்கும் கட்டளை) எழுதிவிட்டு, அப்புறம்தான் அப்ளை (உருவாக்கும் கட்டளை). ஆனால் கோ டெஸ்டின் இயல்பான நேர வரம்பு 10 நிமிடம். அமேசான் கிளவுடின் ஆர்டிஎஸ் டேட்டாபேஸ் ஒன்று எழுந்து வரவே அது போதாமல் போகலாம். வரம்பு முடிந்தால் டெஸ்ட் அப்படியே செத்துவிடும், டிஃபர் ஓடாது, உருவானதெல்லாம் அங்கேயே நிற்கும். டைம்அவுட்டைத் தாராளமாக 60 நிமிடம் வையுங்கள்.

அடுத்த தலைவலி, பாஸ்வேர்டு போன்ற ரகசியங்களை வைக்கும் அமேசானின் சீக்ரெட்ஸ் மேனேஜர். அழித்தாலும் சீக்ரெட் உடனே போகாது. 7 முதல் 30 நாள் வரை காத்திருப்பில் கிடக்கும். அதுவரை அதே பெயரில் இன்னொன்று உருவாக்க முடியாது. காலையில் பாஸான டெஸ்ட், ஒரு வரிகூட மாறாமல் மத்தியானம் ஃபெயிலாகும். டெஸ்டில் மட்டும் ரெகவரி விண்டோவை (இந்தக் காத்திருப்பு நாள்களை) 0 ஆக்கிவிட்டு, எல்லாப் பெயருக்கும் வாலில் ரேண்டம் எழுத்துகளைச் சேருங்கள்.

எதைச் சோதிப்பது? பக்கெட் (ஃபைல் சேமிக்கும் இடம்) இருக்கிறதா என்று பார்ப்பது வீண் வேலை, அதை டெராஃபார்மே சொல்லிவிடும். லோட் பேலன்சர் (வரும் கோரிக்கைகளைச் சர்வர்களுக்குப் பிரித்துக் கொடுப்பது) முகவரியைத் தட்டி 200 (எல்லாம் சரி என்ற பதில்) வருகிறதா பாருங்கள் (விட்டு விட்டு முயல வேண்டும், உடனே வராது). வெளியிலிருந்து டேட்டாபேஸைத் தொட முயன்று, தொட முடியவில்லை என்பதையும் உறுதி செய்யுங்கள். எனக்கு இரண்டாவதுதான் முக்கியம்.

லேப்டாப்பில் ஓட்டாதீர்கள். நான் கொழிஞ்சாம்பாறையில் வீட்டிலிருந்து கோவைக் கம்பெனிக்கு வேலை பார்க்கிறேன். பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆடிக் காற்று அடிக்கிற நாளில் கரண்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. பாதி அப்ளையில் லேப்டாப் அணைந்தால், ஸ்டேட் லாக்கை (ஒரே நேரத்தில் இருவர் மாற்றாமலிருக்க டெராஃபார்ம் போடும் பூட்டு) விடுவிப்பதற்குள் பொழுது போய்விடும். கிட்ஹப் ஆக்ஷன்ஸ் (கிட்ஹப்பின் தானியங்கி வேலை ஓட்டும் வசதி) ஓட்டட்டும், அனுமதி ஓஐடிசி (நிரந்தரச் சாவி இல்லாமல் அடையாளம் காட்டும் முறை) வழியாகத் தற்காலிகமாக மட்டும். புது கமிட் வந்ததும் பழைய ரன்னை கேன்சல் செய்யும் அமைப்பை இந்த ஜாபுக்கு வைக்காதீர்கள், டிஸ்ட்ராய் பாதியில் அறுந்துவிடும்.

டெஸ்டுக்கென்றே தனி அக்கவுண்ட் எடுங்கள். ராத்திரி கிளவுட்-நியூக் (அக்கவுண்டில் இருப்பதை மொத்தமாக அழிக்கும் கருவி) ஓடவிட்டால் தப்பியதும் போய்விடும். கோ தெரியாதென்றால் 2023-ல் டெராஃபார்ம் 1.6-இல் வந்த 'டெராஃபார்ம் டெஸ்ட்' போதும், முடிந்ததும் அதுவே அழித்துக்கொள்ளும்.