நாலு இன்ஜின் ஜம்போ – ஒரு கடிதம்

அண்ணா வணக்கம்,

நான் காசிமேட்ல போட் இன்ஜின் வேலை பாக்குறேன். பிரிட்டிஷ் ஏர்வேஸ் கம்பெனி தன்னோட ஜம்போ விமானம், அதாவது போயிங் 747, எல்லாத்தையும் நிறுத்துனத பத்தி வருத்தப்பட்டு எழுதியிருந்தீங்க. நாலு இன்ஜின் இருந்தா தானே சேஃப்டி, அத விட்டுட்டு ஏன் ரெண்டு இன்ஜினுக்குப் போறாங்க? கொரோனா தான் காரணமா? அப்புறம் நம்ம ஏரியால எத்தனை பேரு அதுல ஏறியிருப்பாங்க, எதுக்குண்ணா இவ்ளோ ஃபீலிங்? என் மச்சான் அமெரிக்கா போகப்போறாரு, இனிமே ஜம்போல ஏறவே முடியாதா?
– ர., காசிமேடு

தம்பிக்கு வணக்கம்,

கொரோனா கடைசில வந்து தள்ளிவிட்டுச்சு, அவ்ளோ தான். 31 ஜம்போவையும் இனி எடுக்கப்போறதில்லன்னு 2020 ஜூலைல சொன்னாங்க, ஆனா 2024க்குள்ள நிறுத்துற பிளான் அதுக்கு முன்னாடியே இருந்தது.

இன்ஜின் விஷயம் உனக்கு டக்குனு புரியும். நடுக்கடல்ல லாஞ்சு இன்ஜின் நின்னுபோனா இன்னொரு லாஞ்சு வந்து கயிறு கட்டி இழுத்துட்டு வந்துடும், ஆகாயத்துல அதுக்கு வழியே இல்ல. அதனால ரெண்டு இன்ஜின் விமானம்னா, ஒண்ணு நின்னுட்டாலும் இன்னொண்ண வச்சு 60 நிமிஷத்துல ஏதாவது ஒரு ஏர்போர்ட்ட பிடிக்கிற தூரத்துலயே தான் பறக்கணும்னு ரூல் இருந்தது. பெரிய கடல நேரா தாண்டணும்னா மூணு இல்ல நாலு இன்ஜின் வேணும், ஜம்போவோட பலமே அதான். அப்புறம் ஜெட் இன்ஜின் பறக்குறப்ப நிக்கிறதே அபூர்வம்னு ஆயிடுச்சு, 1985ல அந்த 60ஐ 120 ஆக்குனாங்க, பின்னாடி 180ம் வந்துச்சு, போயிங் 777 மாதிரி ரெண்டே இன்ஜின்ல பெரிய விமானம் வந்து அதே கடல தாண்ட ஆரம்பிச்சுடுச்சு. அதுக்கப்புறம் நாலு இன்ஜினுக்கு சர்வீஸ், நாலு இன்ஜினுக்கு ஸ்பேர், மணிக்கு சுமார் 10 டன் எரிபொருள்னு எந்த கம்பெனி செலவு பண்ணும் சொல்லு? ஜம்போ மேல எந்தக் குத்தமும் இல்ல தம்பி, ரெண்டு இன்ஜினையே நம்பலாம்னு ஆயிடுச்சு, அதான் நடந்தது.

ஆனா நம்மாளு ஏறல, எதுக்கு ஃபீலிங்னு கேட்டதை நான் ஒத்துக்க மாட்டேன். 1970 ஜனவரில அமெரிக்காவோட பான் ஆம் கம்பெனி இத நியூயார்க்ல இருந்து லண்டனுக்கு ஓட்டுறதுக்கு முன்னாடி விமானம்னா பணக்காரங்க சமாச்சாரம். ஜம்போ வந்ததும் ஒரே விமானத்துல ஏறத்தாழ ரெண்டரை மடங்கு ஆளு, அத்தனை சீட்டையும் நிரப்பணும்னா டிக்கெட் விலைய இறக்கித் தானே ஆகணும். இன்னைக்கு மண்ணடிலயும் தண்டையார்பேட்டைலயும் வீட்டுக்கு ஒருத்தர் துபாய், சிங்கப்பூர்னு போய் வராங்கன்னா, அவங்க ஜம்போல ஏறியிருக்காட்டியும் அந்தக் கதவ முதல்ல பெருசா தொறந்தது அது தான். ஏர் இந்தியா 1971ல வாங்க ஆரம்பிச்சு ராஜேந்திர சோழன், மகேந்திரவர்மன்னு நம்ம ராஜாக்க பேரெல்லாம் வச்சாங்க, இந்த மாதிரி ஒரு விமானத்துக்கு அந்தப் பேரு பொருத்தம் தான்.

ஜம்போவோட முன்பக்கம் மேல இருக்குற அந்த முதுகு மேடு ஏன் வந்துச்சு தெரியுமா, சீக்கிரமே எல்லாரும் கான்கார்ட் மாதிரி சத்தத்த விட வேகமா பறக்குற சூப்பர்சானிக் விமானத்துல போயிடுவாங்க, இது சரக்கு ஏத்தத் தான் ஆகும்னு அப்போ நினைச்சாங்க, மூக்க தொறந்து சரக்கு ஏத்துறதுக்காக பைலட் உக்கார்ற காக்பிட்ட மேல தூக்கி வச்சாங்க. கான்கார்ட் 2003லயே நின்னுடுச்சு. ஜம்போ 2023 ஜனவரி வரைக்கும் டெலிவரி ஆச்சு, மொத்தம் 1574, கடைசியா போனதும் சரக்கு விமானம் தான்.

எனக்கு இன்னும் ஆறாத ஒண்ணு, பிரிட்டிஷ் ஏர்வேஸ் ஜனங்கள ஏத்திக்கிட்டு கடைசியா ஒரு ட்ரிப் கூட போக முடியாமப் போச்சு. ஆஸ்திரேலியாவோட குவான்டாஸ் அதே 2020 ஜூலைல தன்னோட கடைசி ஜம்போவ அனுப்புறப்ப கடலுக்கு மேல பறந்த பாதையிலயே கங்காரு வரைஞ்சு அனுப்புனாங்க. அம்பது வருஷத்துக்கு மேல உழைச்ச மெஷினுக்கு அந்த மரியாதையாவது செய்யணும்.

உன் மச்சான் ஏறலாம், ஜெர்மனியோட லுஃப்தான்சா இன்னும் ஓட்டுறாங்க. ஃபிராங்க்ஃபர்ட்ல மாறி அமெரிக்கா போறாருன்னா டிக்கெட் போடுறப்பவே எந்த ஃபிளைட்டுக்கு 747னு போட்டிருக்குன்னு பாத்து எடுக்கச் சொல்லு. இறக்கைக்குக் கொஞ்சம் பின்னாடி ஜன்னல் சீட்டா கேளு, ஏன்னா இறங்குறப்ப இறக்கையோட பின்பக்கம் பலகை பலகையா நீண்டு கீழ வளையும், பழைய 747-400ஆ இருந்தா மூணு அடுக்கு, நடுவுல சந்து விட்டு நிக்கும். போயிட்டு வந்து எனக்கு எழுதச் சொல்லு.