கை சின்னது, பட்ஜெட்டும் சின்னது: எந்த பேஸ் கிட்டார் வாங்கலாம்?

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே கவலையைச் சுற்றியவை. பேஸ் வாசிக்க ஆசை இருக்கிறது, ஆனால் உடம்பு சின்னது, தோளும் விரலும் தாங்குமா என்று கேட்கிறார்கள். தாங்கும். எதை முதலில் பார்க்க வேண்டும் என்பதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள், அதனால் சில பதில்கள் கொஞ்சம் நீளமாகவே இருக்கும்.

என் மகள் இந்த ஆண்டு படிவம் ஒன்று போகிறாள். உயரம் 145 சென்டிமீட்டர். சர்ச் இசைக்குழுவில் பேஸ் வாசிக்க அவளைக் கேட்கிறார்கள். "வாங்கினால் முழு அளவு வாங்குங்கள், சின்னது விளையாட்டுச் சாமான்" என்கிறார் ஒருவர். உண்மையா? (செந்தூல் வாசகி)

உண்மையில்லை, அம்மா. அந்தப் பேச்சை நம்பி 34 அங்குல பேஸ் வாங்கி, மூன்றே மாதத்தில் பிள்ளை அதைத் தொடாமல் போன வீடுகள் நிறைய.

34 அங்குலம் என்பது தந்தி அதிரும் நீளம், அதாவது தலைப்பகுதிப் பக்கம் தந்தியைத் தாங்கும் நட்டிலிருந்து மறுமுனையில் தாங்கும் பிரிட்ஜ் வரை உள்ள தூரம். இதைத்தான் ஸ்கேல் என்பார்கள். 1951இல் ஃபெண்டர் கொண்டுவந்த பிரிசிஷன் பேஸ் அந்த அளவில் இருந்தது, மற்ற நிறுவனங்களும் அதையே பிடித்துக்கொண்டன. அதே ஃபெண்டர் 1966இல் 30 அங்குலத்தில் மஸ்டாங் பேஸ் வெளியிட்டது. பீட்டில்ஸின் பால் மெக்கார்ட்னி கையில் நாம் பார்த்துப் பழகிய வயலின் வடிவ ஹாஃப்னரும் 30 அங்குலம்தான். அதை யாரும் விளையாட்டுச் சாமான் என்று சொல்ல மாட்டார்கள்.

கைக்கு இது என்ன வித்தியாசம் செய்கிறது என்று பாருங்கள். நெக் எனும் கழுத்துப் பகுதியில் குறுக்கே பதித்த உலோகக் கம்பிகள்தான் ஃபிரெட். 34 அங்குல பேஸில் முதல் ஃபிரெட்டிலிருந்து நான்காம் ஃபிரெட் வரை ஏறக்குறைய 13 சென்டிமீட்டர். 30 அங்குலத்தில் அது பதினொன்றரை. ஐபனீஸ் மிக்ரோ என்ற 28.6 அங்குல பேஸில் 11க்குச் சற்றுக் குறைவு. ஒன்றரை, இரண்டு சென்டிமீட்டர் என்பது தாளில் பார்த்தால் ஒன்றுமில்லை. சுண்டுவிரல் அந்தத் தூரத்தை எட்ட மணிக்கட்டை முறுக்க வேண்டியிருக்கும்போதுதான் தெரியும்.

கடையில் குட்டி பேஸ் இல்லாவிட்டாலும் சோதித்துப் பார்க்க ஒரு வழி இருக்கிறது. எந்த 34 அங்குல பேஸையும் மகள் மடியில் வையுங்கள். நான்கு விரல்களையும் 1, 2, 3, 4 ஃபிரெட்களில் விரலுக்கு ஒன்றாக வைக்கச் சொல்லுங்கள். முடியவில்லையா? 2 முதல் 5 வரை நகர்த்துங்கள். அங்கே உள்ள இடைவெளிதான் 32 அங்குல பேஸின் ஆரம்ப இடைவெளி. 3 முதல் 6 வரை வைத்தால் அது 30 அங்குலம். 4 முதல் 7 என்றால் 28.6. மணிக்கட்டு நேராக, கட்டைவிரல் நெக்கின் பின்னால் தளர்வாக இருக்கும்படி எந்த இடத்தில் விரல்கள் தானாக உட்காருகின்றனவோ, அதுவே அவளுக்கான ஸ்கேல். அரை அங்குலம் அப்படி இப்படி இருந்தால் பரவாயில்லை.

பாட்டு வாத்தியார் பழைய டபுள் பேஸ் (நின்றபடி வாசிக்கும் பெரிய வயலின் போன்ற வாத்தியம்) முறையில் விரல் வைக்கக் கற்றுக்கொடுத்தாலும் நல்லது. நட்டுக்குப் பக்கத்தில் ஆள்காட்டி விரல், நடுவிரல், சுண்டுவிரல் ஆகிய மூன்றையும் வைத்து மூன்று ஃபிரெட்களை மட்டும் மூடுவது அந்த முறை. மோதிர விரல் சுண்டுவிரலுக்குத் துணையாக நிற்கும். வளர்ந்த ஆண்களிலேயே பலர் 34 அங்குலத்தில் இப்படித்தான் வாசிக்கிறார்கள்.

எனக்கு 46 வயது, உயரம் 150. பஜனைக் குழுவில் வாசிக்கிறேன். இரண்டு மணி நேரம் நின்றால் இடது தோள் எரிகிறது. என் பேஸ் 4.2 கிலோ. மூன்று கிலோவுக்குள் ஒன்று சொல்லுங்கள். (கெப்போங் வாசகி)

சொல்கிறேன். அதற்கு முன் ஒரு சோதனை. பேஸைத் தோளில் மாட்டி நின்று இரண்டு கைகளையும் எடுத்துவிடுங்கள். தலைப்பகுதி தரையை நோக்கி இறங்குகிறதா? இறங்கினால் உங்கள் தோள் எரிவதற்குக் கிலோ மட்டும் காரணமில்லை. இறங்கும் நெக்கை உங்கள் இடது கை இரண்டு மணி நேரமும் தாங்கிக்கொண்டே வாசிக்கிறது. இதை நெக் டைவ் என்பார்கள். எடை குறைவு என்று ஆசையாக வாங்கும் பேஸ்களில்தான் இது அதிகம், ஏனென்றால் பாடி எனும் உடல் பகுதி மெலிந்துவிடும், ஆனால் நெக்கும் தந்தியை முறுக்கும் டியூனிங் கீகளும் பழைய கனத்திலேயே இருக்கும். கிப்சன் எஸ்ஜி கிட்டாரின் வடிவத்தில் பாடியின் இரண்டு கொம்பும் குட்டையாக வரும் பேஸ்களில் இன்னும் மோசம். ஸ்ட்ராப் மாட்டும் மேல் குமிழ் 12ஆம் ஃபிரெட்டுக்கு அருகில் வரை நீண்டிருந்தால் சமநிலை பெரும்பாலும் சரியாக இருக்கும். நான்கு கிலோ பேஸ் சமநிலையோடு தொங்கினால், தலை சாயும் மூன்று கிலோ பேஸைவிட உடம்புக்கு இதம்.

அதனால் முதலில் ஸ்ட்ராப்பை மாற்றுங்கள். மூன்று அங்குலத்துக்குக் குறையாத அகலம், உட்புறம் சொரசொரப்பான தோல். வழுக்கும் நைலான் பட்டையில் பேஸ் சரிந்துகொண்டே இருக்கும், சொரசொரப்பான தோல் உங்கள் சட்டையைப் பிடித்து நிறுத்தும். உட்கார்ந்தால் பேஸ் எந்த உயரத்தில் இருக்கிறதோ, நின்றாலும் அதே உயரம் வரும்படி ஸ்ட்ராப்பைக் குறுக்குங்கள். தலைப்பகுதி உங்கள் தோள் மட்டத்துக்குக் கொஞ்சம் மேலே தூக்கி நிற்கட்டும். அப்போது முதல் ஃபிரெட் உடம்புக்கு நெருங்கி வரும், கை நீட்ட வேண்டிய தூரம் குறையும். பஜனை என்றால் உட்கார்ந்து வாசிக்கத் தடையில்லையே, அதையும் யோசியுங்கள்.

இத்தனைக்கும் பிறகு வலித்தால் மாற்றலாம். உள்ளே குடைந்த ஹாஃப்னர் வகை வயலின் பேஸ்கள் இரண்டு, இரண்டரை கிலோதான் இருக்கும். அந்த நிறுவனமே இக்னிஷன் என்ற பெயரில் மலிவு வரிசை ஒன்றை விற்கிறது. மூன்று கிலோவைச் சுற்றி வேண்டுமென்றால் மிக்ரோவும் பார்க்கலாம். ஒரே மாடலில்கூட மரத்துக்கு மரம் எடை வேறுபடும் என்பதால் கடைக்குப் போகும்போது பயணப் பெட்டி நிறுக்கும் கொக்கித் தராசு ஒன்றைக் கொண்டுபோங்கள். கூச்சப்படாதீர்கள், நல்ல கடைக்காரர் முகம் சுளிக்க மாட்டார். தோள் எரிச்சல் விரல் மரத்துப்போவதாக மாறினால் பேஸைக் கீழே வைத்துவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

கையில் 1,200 வெள்ளி இருக்கிறது. கல்லூரி மாணவன், 157 செ.மீ. பேஸ், ஆம்ப் (ஒலிபெருக்கி) எல்லாம் இதற்குள் முடியுமா? (பிரிக்ஃபீல்ட்ஸ்)

முடியும், 1,200ஐயும் பேஸில் கொட்டாவிட்டால். முதலில் 150 முதல் 200 வெள்ளி வரை எடுத்துத் தனியாக வையுங்கள். அது செட்டப் செய்யவும் நல்ல ஸ்ட்ராப் வாங்கவும். ஆம்பை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். பேஸில் நேராகச் செருகும் ஹெட்ஃபோன் ஆம்ப் ஒன்று போதும், வாக்ஸ் ஆம்பிளக்கில் பேஸுக்கென்றே தனி மாடல் உண்டு. மீதிப் பணம் பேஸுக்கு.

மிக்ரோ, ஸ்கொயர் பிரான்கோ, கிரெட்ச் ஜூனியர் ஜெட் ஆகிய மூன்றையும் கையில் எடுத்துப் பாருங்கள். பிரான்கோவில் தந்தியின் அதிர்வை ஆம்புக்கு அனுப்பும் பிக்கப் ஒன்றே ஒன்று, 30 அங்குலம், எளிமையான சாமான். ஜூனியர் ஜெட் 30.3 அங்குலம், இரண்டு பிக்கப், சத்தம் கொஞ்சம் தடிமனாக வரும். மிக்ரோவில் பிரிசிஷன் வகை, ஜாஸ் வகை இரண்டு பிக்கப்பும் இருப்பதால் பல விதமான சத்தம் எடுக்கலாம். உங்கள் உயரத்துக்கு நான் பிரான்கோ அல்லது ஜூனியர் ஜெட் பக்கம்தான் சாய்வேன். மிக்ரோவின் மேல் ஃபிரெட்கள் வளர்ந்த விரலுக்கு நெருக்கடியாக இருக்கும். விரல் சோதனையில் 34 அங்குலமே சரியாக உட்கார்ந்தால் ஐபனீஸ் ஜிஎஸ்ஆர் வரிசையைப் பாருங்கள், பாடி மெலிது, நெக்கும் மெலிது. முத்தியாரா டாமன்சாராவில் உள்ள பென்ட்லி மியூசிக் போன்ற பெரிய கடைக்கு ஒரு வார நாள் பிற்பகலில் போனால் கூட்டமில்லாமல் ஒவ்வொன்றாக வாசித்துப் பார்க்கலாம்.

செட்டப் ஏன் என்று கேட்பீர்கள். மலிவு பேஸ்களில் நட் பள்ளங்களைத் தேவையான ஆழத்துக்கு வெட்டாமல் அனுப்பிவிடுகிறார்கள். தந்தியை மூன்றாம் ஃபிரெட்டில் அழுத்திக்கொண்டு முதல் ஃபிரெட்டுக்கு மேலே பாருங்கள். ஒரு தாள் நுழையும் இடைவெளி போதும். அதைவிடத் தாராளமாக இருந்தால் முதல் ஃபிரெட்டை அழுத்தவே பலம் தேவைப்படும், சின்னக் கை அங்கேதான் களைத்துப்போகும். நட், நெக் வளைவு, பிரிட்ஜ் உயரம் மூன்றையும் சரிசெய்த மலிவு பேஸ், சரிசெய்யாத விலை உயர்ந்த பேஸைவிடச் சுலபமாக வாசிக்க வரும். 12ஆம் ஃபிரெட்டில் தடித்த தந்தியின் உயரம் இரண்டு, இரண்டரை மில்லிமீட்டர் இருந்தால் நல்லது.

ஷார்ட் ஸ்கேல், அதாவது 30 அங்குல பேஸ் வாங்கினால் இளையராஜா பாட்டில் கேட்கும் அந்த பேஸ் சத்தம் வராதாமே? (ஆயர் ஈத்தாம், பினாங்கு)

அந்தச் சத்தத்தில் முக்கால் பங்கு வாசிப்பவரின் விரலில் இருக்கிறது. ராஜாவின் பாடல்களில் சசிதரன் வாசித்த பேஸைக் கவனித்துக் கேளுங்கள். சுரம் எங்கே தொடங்குகிறது, எங்கே அடங்குகிறது என்பதில்தான் அழகே. அதை எந்த ஸ்கேலிலும் பழகலாம்.

வித்தியாசமே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஒரே தடிமன் தந்தியை 34க்குப் பதில் 30 அங்குலத்தில் அதே சுருதிக்குக் கட்டினால் இழுவிசை ஏறக்குறைய 22 சதவீதம் குறைகிறது. தந்தி தளர்வாக இருக்கும், அழுத்த எளிது, சத்தம் உருண்டையாகவும் இனிமையாகவும் வரும். மேல் மூன்று தந்திகளில் இது பாட்டுக்கு மிக அழகாக ஒத்துப்போகும். எல்லாவற்றிலும் தடித்த கீழ் ஈ தந்தியில் மட்டும் தெளிவு கொஞ்சம் மங்கும். கிரீம் குழுவின் ஜாக் புரூஸ், டாக்கிங் ஹெட்ஸின் டீனா வேமவுத் இருவரும் குட்டை ஸ்கேல் பேஸில்தான் பெயர் வாங்கினார்கள். கட்டைவிரலால் தந்தியைத் தட்டி ஸ்லாப் அடிப்பதே உங்கள் ஆசை என்றால் 34 அங்குலத்தின் விறைப்பு உதவும். மெலடியான பேஸ் வாசிக்கத் தயங்காமல் 30 வாங்குங்கள்.

30 அங்குல பேஸுக்குச் சாதாரணத் தந்தி வாங்கி வெட்டிப் போடலாமா? (பட்டர்வொர்த்)

வேண்டாம். நீளத் தந்தியில் மெலிதாகும் முனை நட்டைத் தாண்டி வெகு தூரத்தில் வரும். அதனால் தடித்த பகுதியே டியூனிங் கீயில் சுற்றும். சரியாகப் பிடிக்காது, தட்டைக் கம்பி சுற்றிய ஃபிளாட்வவுண்ட் தந்தி என்றால் சுற்று பிரிந்துபோகவும் வாய்ப்புண்டு. உறையில் ஷார்ட் ஸ்கேல் என்று எழுதியதையே வாங்குங்கள். தடிமன் 45 முதல் 100 வரையிலான (ஆயிரத்தில் ஒரு அங்குலக் கணக்கு) செட் நல்ல தொடக்கம். கீழ் ஈ தொளதொளவென்று இருந்தால் அடுத்த முறை 105. விரல் நுனி நோகிறது என்பவர்களுக்கு ஃபிளாட்வவுண்ட் பிடிக்கும், பரப்பு வழவழப்பாக இருக்கும், பல ஆண்டு உழைக்கும். ஆனால் இழுவிசை கூடுதல் என்பதால் மெல்லிய செட்டாகத் தேர்ந்தெடுங்கள்.

ஐந்து தந்தி வாங்கலாமா?

சின்னக் கைக்கு முதல் பேஸாக வேண்டாம். நெக் அகலமாகும், எடை கூடும். ஐந்தாவதாகச் சேரும் கீழ் பி தந்தி 31 ஹெர்ட்ஸ் பக்கம் அதிர்வது, அதற்கு நீளம் வேண்டும். 30 அங்குலத்தில் ஐந்து தந்தி விற்கிறார்கள்தான், ஆனால் அதில் அந்த பி பெரும்பாலும் குழைந்துபோகும். பாட்டுக்கு அவசியமென்றால் ஈ தந்தியை ஒரு சுரம் இறக்கி டி ஆக்கிக்கொள்ளுங்கள்.

முடா (Mudah) விற்பனை இணையதளத்தில் பழைய பேஸ் ஒன்று பாதி விலைக்குப் பார்த்தேன். எதைச் சோதிக்க வேண்டும்? (பிரிக்ஃபீல்ட்ஸ்)

நெக்கை. மற்றவை எல்லாம் பிறகு. பிரிட்ஜ் பக்கமிருந்து ஒற்றைக் கண்ணால் நெக் நெடுகப் பாருங்கள். லேசான வில் போல வளைந்திருந்தால் கவலையில்லை, நெக்குக்குள் இருக்கும் டிரஸ் ராட் என்ற உலோகக் கம்பியைத் திருப்பிச் சரிசெய்யலாம். திருகிக்கொண்டு ஒரு பக்கம் உயர்ந்திருந்தால் எழுந்து வந்துவிடுங்கள், எவ்வளவு மலிவாக இருந்தாலும் சரி. டிரஸ் ராட் உண்மையிலேயே திரும்புகிறதா என்று விற்பவரை அவர் கையாலேயே கால் சுற்று திருப்பிக் காட்டச் சொல்லுங்கள். நம் ஊர் ஈரப்பதத்துக்கு மரம் நகரும். அப்புறம் ஏர்கான் அறைக்கும் வெளிக்கும் மாறி மாறிப் போன பேஸ் என்றால் இன்னும் கூடுதலாக நகர்ந்திருக்கும். இறுகிப்போன ராட் உள்ள பேஸைச் சரிசெய்வது எளிதல்ல.

அடுத்து, ஒவ்வொரு தந்தியிலும் எல்லா ஃபிரெட்டையும் ஒவ்வொன்றாக வாசியுங்கள். எங்காவது சுரம் செத்து விழுந்தால் ஃபிரெட் தேய்ந்திருக்கலாம். வால்யூம் குமிழ் கரகரப்பது பெரிய குறையில்லை, சுத்தம் செய்தால் போய்விடும். அந்தக் கரகரப்பைக் காட்டி விலையைக் குறைக்கக் கேட்கலாம். சந்திப்பதை எல்ஆர்டி நிலையத்தில் வைக்காதீர்கள், ஆம்ப் இருக்கும் இடத்தில் வையுங்கள். செருகாமல் பேஸ் வாங்கக் கூடாது.

எட்டு வயதுப் பையன் பேஸ்தான் வேண்டும் என்று அடம்பிடிக்கிறான். (செந்தூல்)

குட்டி கிட்டார் போன்ற உக்குலேலே அளவில் வரும் யூ-பேஸ் பார்த்திருக்கிறீர்களா? தந்தி நீளம் 21 அங்குலம் பக்கம்தான், ரப்பர் போன்ற தடித்த தந்தி, ஆனாலும் ஆம்பில் செருகினால் சாதாரண பேஸின் அதே நான்கு சுரங்கள், அதே ஆழத்தில் கேட்கும். மடியில் வைத்தால் எடையே தெரியாது. காலா நிறுவனத்தினுடையது விலை கூட, வேறு நிறுவனங்கள் மலிவாகவும் செய்கின்றன. சுருதி அடிக்கடி இறங்கும், முதல் சில வாரம் நீங்களே டியூனர் வைத்துக் கட்டிக்கொடுங்கள். இரண்டு மூன்று ஆண்டு கழித்து அவன் மிக்ரோவுக்கு மாறும்போது விரல்களுக்கு இடம் எல்லாம் ஏற்கெனவே தெரிந்திருக்கும்.