முறத்தின் மேல் இரண்டு தட்டு – கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்கா,

கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து எழுதுகிறேன். என் பையனுக்கு 17 வயது, ஆட்டிசம். இருபது முப்பது வார்த்தைகள் பேசுவான், அதுவும் தேவைப்பட்டால்தான். ஆனால் ஒரு பாட்டை ஒரு தடவை கேட்டால் போதும், மெட்டு அப்படியே அவனிடம் தங்கிவிடும், நாள் முழுக்க முணுமுணுப்பான். சில ராகங்களை 40 நாள் காலையில் தொடர்ந்து கேட்க வைத்தால் ஆட்டிசம் சரியாகிப் பேச்சு வந்துவிடும் என்று உறவினர் ஒருவர் ஒரு பயிற்சியைச் சொல்கிறார். யோசித்துக் கட்ட வேண்டிய தொகை. என் கணவரோ, இந்த வயதுக்கு மேல் பாட்டெல்லாம் எதற்கு என்கிறார். உங்கள் தம்பிக்கும் ஆட்டிசம் என்று எழுதியிருந்தீர்கள், அதனால் கேட்கிறேன். பணம் கட்டலாமா?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்)

அன்புள்ள தங்கைக்கு,

கட்டாதீர்கள். எந்த ராகமும் ஆட்டிசத்தைப் போக்காது. உங்கள் பையனின் மூளை பிறவியிலேயே வேறு மாதிரி அமைந்திருக்கிறது, அதை 40 நாளில் மாற்றித் தருகிறேன் என்று சொல்பவர் அவனை ஒருமுறை உட்கார்ந்து பார்த்திருக்கக்கூட மாட்டார். ஒலிநாடாவைப் போட்டுவிட்டுப் போவதை நான் இசை சிகிச்சை என்று ஒத்துக்கொள்ளவே மாட்டேன்.

சரி, பின்னே எது இசை சிகிச்சை? 1959-இல் இங்கிலாந்தில் பால் நார்டாஃப் என்ற இசையமைப்பாளரும் கிளைவ் ராபின்ஸ் என்ற சிறப்பாசிரியரும் சேர்ந்து வேலை செய்ய ஆரம்பித்தார்கள். குழந்தை எந்தச் சத்தம் எழுப்பினாலும் அதைப் பிடித்துக்கொண்டு பதில் வாசிப்பது அவர்கள் வழி. அழுதால் அந்த அழுகையின் சுருதியில், மேளத்தைத் தட்டினால் அந்தத் தட்டின் வேகத்தில். முதலில் வாசிப்பது பிள்ளை, பெரியவர் பின்னாலேயே போகிறார்.

இதைப் படிப்பதற்கு ரொம்ப முன்னாலேயே எங்கள் திருப்பாப்புலியூர் வீட்டில் பார்த்திருக்கிறேன். தம்பிக்கு அப்போது பதினோரு வயது. சாப்பிட்டு முடித்ததும் சில்வர் டம்ளரைத் தரையில் தட்டுவான், ஒரே மாதிரி, அரை மணி நேரம்கூட. நாங்கள் எல்லோரும் சும்மா இருடா என்போம், டம்ளரைப் பிடுங்கி வைப்போம். ஒரு நாள் சாயங்காலம் அம்மா எதிரே உட்கார்ந்து அரிசி புடைத்துக்கொண்டிருந்தவர், என்ன தோன்றியதோ, முறத்தின் மேல் விரலால் இரண்டு தட்டுத் தட்டினார். தம்பி நிறுத்திவிட்டான். அம்மாவின் கையைப் பார்த்தான். அப்புறம் மூன்று தட்டினான், அம்மாவும் மூன்று. அவன் வேண்டுமென்றே இடைவெளி விட்டான், அம்மா அதே அளவு இடைவெளி விட்டு வந்து சேர்ந்தார், அவன் சிரித்துவிட்டான். கால் மணி நேரம் இருக்கும். அந்தப் பதினோரு வருஷத்தில் அவன் இன்னொருவர் முடிக்கட்டும் என்று காத்திருந்து நான் பார்த்ததில்லை. நாம் பேசிக்கொள்வதும் அப்படித்தானே, ஒருவர் முடிக்க மற்றவர் காத்திருப்பது, அது அவனுக்கு வார்த்தை இல்லாமலே அன்றைக்குக் கிடைத்தது.

பாட்டு நினைவு பற்றிச் சொன்னீர்கள். லியோ கன்னர் என்ற மனநல மருத்துவர் 1943-இல் 11 குழந்தைகளை வைத்து ஆட்டிசத்தைப் பற்றி எழுதிய கட்டுரையிலேயே இந்த நினைவாற்றல் பதிவாகியிருக்கிறது. ஆனால் அதைப் பார்த்து மேடை ஏற்றப் புறப்பட்டுவிடாதீர்கள். தம்பிக்கு ஒன்பது வயதில், முணுமுணுப்பதைக் கேட்ட ஆசிரியர் ஒருவர் ஆண்டு விழாவில் பாட வைத்தார், நாங்களும் ஆசையாகப் புதுச்சட்டை போட்டு அனுப்பினோம். ஸ்பீக்கர் சத்தத்தில் காதைப் பொத்திக்கொண்டு மேடையிலேயே உட்கார்ந்துவிட்டான். அதற்குப் பிறகு ஏறக்குறைய ஒரு வருஷம் அவனிடமிருந்து ஒரு மெட்டும் வரவில்லை. எங்களுக்கு இன்னும் ஆறவில்லை.

பேச்சு வருமா என்பதுதான் உங்கள் கேள்விக்குள் இருக்கும் கேள்வி, அதனால் ஆய்வுகள் சொல்வதை அப்படியே சொல்கிறேன். 2017-இல் ஜாமா மருத்துவ இதழில் வந்த ஆய்வில் 9 நாடுகளில் 4 முதல் 7 வயது வரை 364 குழந்தைகள் இருந்தார்கள். 5 மாத இசை சிகிச்சைக்குப் பிறகு, மற்றவர்களோடு பழகுவதை அளக்கும் மதிப்பெண்ணில், இசை இல்லாமல் வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்ற குழந்தைகளைவிடப் பெரிய வித்தியாசம் இல்லை. 2022-இல், மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் காக்ரேன் என்ற அமைப்பின் தொகுப்பாய்வு 26 ஆய்வுகளை, 1165 பேரை, ஒன்றாக வைத்துப் பார்த்தது. பேச்சிலும் பழகுவதிலும் தெளிவான வித்தியாசம் அங்கேயும் தெரியவில்லை, ஆனால் மொத்தத்தில் முன்னேற்றம் தெரிவதற்கும் வாழ்க்கைத் தரம் கூடுவதற்கும் வாய்ப்பு அதிகம் என்கிறது. பேச்சு வரும் என்று நம்பி அனுப்பினால் ஆறாம் மாதம் நீங்கள் உடைந்துபோவீர்கள். அவன் நாள் நன்றாகப் போகும் என்பதற்காக அனுப்புங்கள், அது எனக்குப் போதுமான காரணமாகவே படுகிறது.

உங்களுக்குப் பக்கத்திலேயே இடம் இருக்கிறது. கடலூர்–புதுச்சேரி சாலையில் பிள்ளையார்குப்பத்தில் ஸ்ரீ பாலாஜி வித்யாபீடத்தின் மகாத்மா காந்தி மருத்துவக் கல்லூரி, அங்கே இசை சிகிச்சைக்கென்றே ஒரு மையம் நடக்கிறது, அதைப் பாடமாகவும் சொல்லித்தருகிறார்கள். உங்கள் பையன் வயதுக்காரர்களைப் பார்க்கிறார்களா, எந்த நாட்களில் என்று போனில் விசாரித்துவிட்டுப் போங்கள். பஸ்ஸில் பாட்டு அலறினால் கண்டக்டரிடம் விஷயத்தைச் சொல்லிக் குறைக்கச் சொல்லுங்கள், காதை மூடும் ஹெட்ஃபோன் ஒன்று பையில் இருக்கட்டும். எங்கே போனாலும் முதல் நாள் ஒன்றை மட்டும் பாருங்கள்: சிகிச்சையாளர் அவன் சத்தத்தைக் கேட்கக் காத்திருக்கிறாரா, அல்லது வந்ததுமே தன் பாட்டுக்கு வாசிக்க ஆரம்பித்துவிடுகிறாரா. அவன் எழுந்து வெளியே போக விரும்பினால் விட வேண்டும். விடாத இடம் வேண்டாம்.

உங்கள் கணவர் வயதைப் பற்றிச் சொன்னது தப்பு. ஆய்வுகளில் பெரும்பாலும் குழந்தைகள் இருக்கிறார்கள் என்பதால் பெரியவர்களுக்குப் பயனில்லை என்று ஆகிவிடாது. தம்பிக்கு இப்போது 34. அம்மா போய் நாலு வருஷமாகிறது, சாயங்காலம் டம்ளர் சத்தம் கேட்டதும் நான்தான் போய் எதிரே உட்காருகிறேன், நான் தாளம் தப்பினால் அவன் நிறுத்திவிட்டு முதலிலிருந்து தொடங்குவான்.

போவதற்கு முன் ஒரு வாரம் கவனித்து எழுதுங்கள், எந்த மெட்டை முணுமுணுக்கிறான், எந்த நேரத்தில், எந்தச் சத்தத்துக்குக் காதைப் பொத்துகிறான் என்று. ராத்திரி நேரத்துப் பதிவைக் கணவரை எழுதச் சொல்லுங்கள். அந்தத் தாளை முதல் நாள் சிகிச்சையாளர் கையில் கொடுங்கள்.

அன்புடன்,
அக்கா